காலியாக இருந்தால்

பாங்காக்கின் சபான் தக்சின் ரயில் நிலையத்தில் இறங்கிப் படிக்கட்டு வழியே கீழே வந்தால், கால் நேராக ஆற்றுத் துறையில்தான் போய் நிற்கும். சாத்தோன் துறை. சாவ் பிரயா ஆறு அங்கே செம்மண் கலங்கலாக, ஆகாயத்தாமரைக் கொத்துகளைச் சுமந்துகொண்டு போகிறது. மாலை வேளையில் கொஞ்ச நேரம் சும்மா நின்று பார்த்தாலே ஊர் எப்படிப் பிரிந்து கிடக்கிறது என்று தெரிந்துவிடும். ஒரு பக்கம் ஆரஞ்சுக் கொடி கட்டிய பொதுப் படகுக்கு நீள வரிசை. அலுவலகம் விட்டவர்கள், சீருடைப் பிள்ளைகள், காவியுடுத்த பிக்குகள், முதுகில் மூட்டை சுமந்த வெள்ளைக்காரப் பையன்கள். இன்னொரு பக்கம் ஹோட்டல்களின் சொந்தப் படகுகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஜோடனையில். கட்டணம் கிடையாது, சீட்டும் கிடையாது. படகுக்காரர் நம் பெட்டியைப் பார்ப்பார், முகத்தைப் பார்ப்பார். ஹோட்டல் பெயரைச் சொன்னதும் கை கொடுத்து ஏற்றிவிடுவார்.

"பெட்டியத் தொடாதீங்க மாப்ள, அவங்களே எடுத்துக்குவாங்க" என்றார் மச்சான்.

மச்சான் என் அக்காவின் வீட்டுக்காரர். கோயம்புத்தூரில் ஒரு பம்ப்செட் கம்பெனியின் விற்பனைப் பிரிவில் இருக்கிறார். இந்தூர், ராஜ்கோட், நைரோபி என்று வருஷத்தில் பாதி நாள் வெளியூர். அறை வாடகையைக் கட்டுவது கம்பெனி; தூங்குவது மச்சான்; தூங்கிய இரவுகளின் கணக்கு ஏறுவது அவர் பெயரில். ஏறி ஏறி, ஒரு பன்னாட்டு ஹோட்டல் குழுமத்தின் உறுப்பினர் திட்டத்தில் உயரமான ஒரு படிக்கு வந்துவிட்டார். எந்தக் குழுமம் என்று நான் சொல்லப் போவதில்லை. நடந்தது எங்கும் நடக்கக்கூடியது. சேர்ந்த புள்ளிகளைச் செலவழிக்கத்தான் இந்தப் பயணம். பையனுக்குப் பரீட்சை என்று அக்கா நின்றுகொள்ள, அவள் இடத்துக்கு என்னைச் சேர்த்துக்கொண்டார்.

ஊரிலிருந்து கிளம்புவதற்கு முன்பே ஹோட்டலிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்திருந்தது. இரவுக்கு இத்தனை பாட் கூடுதலாகக் கொடுத்தால் ஆற்றைப் பார்த்த ஸ்வீட் அறை உறுதி என்று. விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள். தாய்லாந்தில் அந்தக் குறிகளுக்கு அர்த்தம் உண்டு: பத்து சதவீதம் சேவைக் கட்டணம், அதையும் சேர்த்த தொகை மேல் ஏழு சதவீதம் வரி. மொத்தத்தில் 17.7 சதவீதம் ஏறும். மச்சான் சிரித்துக்கொண்டே அதை அழித்துவிட்டார். "சும்மா கெடைக்கறதுக்கு யாராச்சும் காசு குடுப்பாங்களா?"

அந்த மின்னஞ்சலை அப்போதே அவர் நிதானமாகப் படித்திருக்கலாம். விலைக்கு விற்க முயல்கிற ஒன்றை ஹோட்டல் எதற்குச் சும்மா கொடுக்கப் போகிறது?

வரவேற்பு மேசையில் இருந்த பெண் கைகூப்பினாள். மச்சானின் பெயரைச் சொல்லி, அவர் எந்தப் படியில் இருக்கிறார் என்பதையும் சொல்லி, இத்தனை காலம் எங்களோடு இருப்பதற்கு நன்றி என்றாள். எலுமிச்சம்புல் பானமும் குளிர்ந்த ஈரத்துண்டும் வந்தன. பிறகு, உங்களுக்கு அறையை உயர்த்திக் கொடுத்திருக்கிறோம் என்றாள். மூலை அறை. ஆறு ஓரளவு தெரியும்.

"ஸ்வீட் இல்லீங்களா?"

இன்று காலியாக இல்லை, மன்னிக்க வேண்டும் என்றாள்.

மச்சான் கைபேசியை எடுத்தார். அதே ஹோட்டல், அதே இரவு, ஸ்வீட் விற்பனைக்கு இருந்தது. அதை அவள் முன்னால் வைத்தார். சண்டைக்கான குரல் இல்லை. டீலரிடம் நிலுவையைக் கேட்கிற குரல். அவள் பார்த்தாள், புன்னகை மாறாமல் உள்ளே போனாள், வந்தாள். நாளை மதியத்திலிருந்து தர முடியும், இன்று ஒரு இரவு மட்டும் பொறுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டாள். மச்சான் பெரிய மனது பண்ணினார். ஓரளவு தெரிகிற ஆறு என்பது, ஜன்னலோரம் கன்னத்தை ஒட்டி நின்றால் கட்டடத்துக்கும் கட்டடத்துக்கும் நடுவே தெரிகிற ஒரு முழம் தண்ணீர்.

இந்த இடத்தில் ஹோட்டல்காரர்களின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். அவள் பொய் சொல்லவில்லை. திட்டத்தின் விதிகளில் எல்லாக் குழுமங்களும் ஏறக்குறைய ஒரே வாசகத்தைத்தான் வைத்திருக்கின்றன: காலியாக இருந்தால். யார் கண்ணுக்குக் காலி என்பதில்தான் சூட்சுமம். பெயர்ப் பலகையில் இருக்கிற கம்பெனியும் கட்டடத்தின் சொந்தக்காரரும் பெரும்பாலும் ஒருவரல்ல. மாரியட் 1993-லேயே கட்டடங்களை ஒரு கம்பெனியாகவும் நிர்வாகத்தை இன்னொரு கம்பெனியாகவும் பிரித்துக்கொண்டது. மற்றவர்களும் அந்த வழியில்தான் போனார்கள். உறுப்பினர் திட்டம் பலகைக்காரருடையது. ஸ்வீட் கட்டடக்காரருடையது. வாக்குக் கொடுப்பவர் ஒருவர், நிறைவேற்ற வேண்டியவர் இன்னொருவர். சாயங்காலம் ஆறு மணிக்குக்கூட யாராவது வந்து முழு விலை கொடுத்து எடுத்துக்கொள்ளலாம் என்று கட்டடக்காரர் காத்திருப்பார். பல ஹோட்டல்களில் வரவேற்பு மேசையில் இருப்பவர்களுக்கே கூடுதல் விலைக்கு அறை விற்றுக் கொடுத்தால் கமிஷன் உண்டு. அந்தப் பெண்ணுக்கு முன்னால் ஒரு பக்கம் மச்சானின் படிநிலை, மறுபக்கம் அவளுடைய மாதச் சம்பளத்தில் சேரக்கூடிய ஒரு தொகை.

புள்ளிகளைக் கொடுத்துத் தங்கும்போது கணக்கு இன்னும் நுணுக்கமானது. விருந்தினர் காசு கொடுக்கவில்லை என்றாலும் பலகைக்காரர் கட்டடக்காரருக்கு ஒரு தொகை கொடுத்தாக வேண்டும். ஹோட்டல் பாதி காலியாகக் கிடக்கும் நாளில் அது சொற்பம், ஏறக்குறைய துணி துவைத்து அறை பெருக்குகிற செலவு. ஹோட்டல் நிரம்பி வழிகிற நாளில் அன்றைய சராசரி வாடகைக்குப் பக்கத்தில் வரும். அதனால்தான் சில ஹோட்டல்கள் இலவச விருந்தினரைப் பார்த்து முகம் சுளிப்பதும், சில ஹோட்டல்கள் வாரி அணைப்பதும். தங்குபவரின் குணத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

காலையில் முன்னலுவலகத்தில் அன்றைக்கு வருபவர்களின் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு அறைகளை ஒதுக்குவார்கள். மேல்படிக்காரர்கள் முதலில். அதிலும் ஒரு இரவு தங்குபவருக்கு ஸ்வீட் கிடைப்பது எளிது. நாலைந்து இரவு என்றால், அத்தனை இரவுகளும் அந்த அறை விற்காமல் கிடக்க வேண்டும். வேலைநிமித்தம் ஆள் வரும் ஊர்களில் ஞாயிறு இரவு நல்ல இரவு. பாங்காக்கில் சொங்கிரான் புத்தாண்டு வாரத்தில் வந்து நின்றுகொண்டு ஸ்வீட் கேட்பது, தீபாவளிக்கு முந்தின நாள் கோயம்பேட்டில் ஜன்னலோர இருக்கை கேட்பதுதான்.

மறுநாள் மதியம் ஸ்வீட்டுக்கு மாறினோம்.

கதவைத் திறந்ததும் கூடம். கூடத்தில் சோபா, எழுதும் மேசை, நாலு பேர் சாப்பிடுகிற மேசை, தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி. கண்ணாடிக்கு அப்பால் ஆறு முழுசாக, வளைந்து, தோன்புரிக் கரையோடு. நெல் ஏற்றி வருகிற பெரிய தோணிகளை மூன்று நான்காகக் கோத்து ஒரு சின்ன இழுவைப் படகு இழுத்துக்கொண்டு போனது. இரண்டு கழிவறைகள். ஒன்றில் குளிக்கும் தொட்டி, அதற்கும் தனியாக ஒரு ஜன்னல். மச்சான் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து அக்காவுக்கு வீடியோவில் காட்டிக்கொண்டே வந்து படுக்கையறையில் நின்றார்.

ஒரே கட்டில். ராஜாக் கட்டில்தான், சந்தேகமில்லை. ஆனால் ஒன்று.

கீழே இருந்த சாதாரண அறையில் தனித்தனியாக இரண்டு கட்டில்கள் இருந்தன. ஸ்வீட்டில் தங்குபவர்கள் தம்பதிகள் என்பது உலகெங்கும் ஹோட்டல் கட்டுகிறவர்களின் முடிவு. மச்சானும் மைத்துனனும் படி உயர்ந்து வருவார்கள் என்று யாரும் வரைபடம் போடுவதில்லை. தொலைபேசியில் சொன்னதும் மடக்குக் கட்டில் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்து கூடத்தில் போட்டார்கள். அதில் நான். ஆற்றின் மொத்தக் காட்சியும் எனக்கு. படுக்கையறை ஜன்னல் பக்கத்துக் கட்டடத்தின் குளிர்சாதனப் பெட்டிகளைப் பார்த்திருந்தது. "உங்களுக்குத்தான் அப்கிரேடு மாப்ள" என்றார் மச்சான் காலையில், கொஞ்சம் நிஜமான வருத்தத்தோடு.

இந்த வியாபாரம் எங்கே தொடங்கியது என்று பார்த்தால், விமானத்தில். 1981 மே மாதம் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் மைல் கணக்குத் திட்டத்தைத் தொடங்கியது. இரண்டே வருஷத்தில், 1983-ல், ஹாலிடே இன்னும் மாரியட்டும் ஹோட்டலுக்கு அதைக் கொண்டுவந்தன. 1987-ல் ஹில்டன். 1999-ல் ஸ்டார்வுட் வந்து, புள்ளி இருந்தால் பண்டிகை நாள் என்று கைவிரிக்கமாட்டோம் என்றது. வெறியர்கள் உருவானது அதற்குப் பிறகுதான். 2016-ல் சுமார் 1,300 கோடி டாலருக்கு ஸ்டார்வுட்டை மாரியட் வாங்கியபோது, அந்தப் பழைய திட்டம் போய்விடுமே என்று துக்கம் காத்தவர்கள் உண்டு. 2018-ல் இரண்டு திட்டங்களும் ஒன்றாயின, 2019-ல் பான்வாய் என்று பெயர் வைத்தார்கள். இப்போது அங்கே பிளாட்டினம் ஆக வருஷத்துக்கு 50 இரவுகள். உச்சிப் படிக்கு 100 இரவுகளோடு 23,000 டாலர் செலவும் காட்ட வேண்டும். ஹையத்தில் மேல்படிக்கு 60 இரவுகள். நூறு இரவு வெளியே தூங்குகிறவருக்கு வீட்டில் என்ன படிநிலை என்பதை எந்தத் திட்டமும் கணக்கில் எடுப்பதில்லை. 2009-ல் வந்த ‘அப் இன் தி ஏர்’ படத்தில் ஜார்ஜ் குளூனி கோடி மைல் கனவோடு திரிவார். மச்சான் அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறார். சோகப் படம் என்று அவருக்குத் தோன்றவில்லை, தகவல் படம்.

இதற்கிடையே புள்ளியின் மதிப்பு கரைந்துகொண்டே வருகிறது. இந்த வகை ஹோட்டலுக்கு இத்தனை புள்ளி என்று முன்பு அட்டவணை இருந்தது. ஹில்டன் 2017-ல் அதைக் கைவிட்டது, மாரியட் 2022-ல். இனி அன்றைய வாடகை ஏறினால் புள்ளியும் ஏறும். தன் பணத்தைத் தானே அச்சடித்து, அதன் மதிப்பைத் தானே தீர்மானிக்கிற அரசாங்கம் மாதிரி, எதிர்க்கட்சியும் கிடையாது. இந்தியாவிலும் 2023-ல் மாரியட்டும் எச்.டி.எஃப்.சி. வங்கியும் சேர்ந்து கடன் அட்டை கொண்டுவந்தன. அட்டை வாங்கினாலே கீழ்ப்படி ஒன்று கையில் வந்துவிடும். படிகளில் கூட்டம் சேரச் சேர, மேலே இருப்பவர்கள் இன்னும் மேலே ஒரு படி கேட்கிறார்கள். கேட்டால் கிடைக்கிறது.

ஆனால் பாங்காக்கில் எனக்கு உறைத்தது வேறொன்று. லவுஞ்சில்.

மேல்படிக்காரர்களுக்கென்று உயரத்தில் ஒரு கூடம். காலையில் பலகாரம், பகலில் காபி, சாயங்காலம் ஐந்தரையிலிருந்து ஏழரை வரை குடியும் கொறிப்பும். எல்லாம் இலவசம். கொறிப்பு என்று பெயரே தவிர, தட்டில் பார்த்தால் இரவுச் சாப்பாடு: வறுத்த சோறு, கோழிக் குச்சிகள், பப்பாளிக் காய்ச் சாலட், நம்மவர்களுக்காக ஒரு பனீர், கடைசியில் தேங்காய்ப்பால் ஊற்றிய மாம்பழச் சோறு. மச்சான் செவ்வாய், வெள்ளி கவுச்சி தொடமாட்டார். அன்று வெள்ளி. பனீரை இரண்டு தரம் எடுத்துக்கொண்டார். பக்கத்து மேசையில் ஒரு குஜராத்திக் குடும்பம், அதற்கு அப்பால் சிங்கப்பூர்த் தம்பதி, ஓரத்தில் மடிக்கணினியோடு ஒரு ஜெர்மானியர். கண்ணாடிக்கு வெளியே பாங்காக் முழுவதும் விளக்கேற்றிக்கொண்டிருந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை. எந்த நகரத்தில் எந்த லவுஞ்சில் என்ன கிடைக்கும், கோலாலம்பூரில் சாட்டே எப்படி, ஜகார்த்தாவில் சலவை இலவசமா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். மச்சானும் அந்தப் பேச்சில் கலந்துகொண்டார், சரளமாக. அவர்கள் எல்லாரும் ஒரே ஊர்க்காரர்கள். பாங்காக் அந்த ஊரில் ஒரு தெரு.

ஏழரைக்கு அங்கிருந்து எழுந்தால் வயிறு நிறைந்திருக்கும். ஹோட்டலுக்குப் பின்புறமாக வெளியேறினால் சாரோன் க்ருங் சாலை. 1860-களில், வண்டி ஓட்டவும் குதிரை ஏறவும் நல்ல சாலை இல்லை என்று மேலைநாட்டுத் தூதர்கள் முறையிட்டதன் பேரில் நான்காம் ராமா மன்னர் மோங்குட் போட்ட சாலை. அதுவரை வாய்க்கால்தான் தெரு. பாங்காக்கின் முதல் நவீன சாலை அது. அதில் பங்ராக் பகுதியில் நூறாண்டு கடந்த ஒரு வாத்துக் கடை இருக்கிறது. அரிசிக் கஞ்சியைக் கட்டையாகக் காய்ச்சி பன்றி உருண்டை போட்டுத் தருகிற கடை இருக்கிறது. வறுத்த வாழைப்பழ வண்டிகள், டூரியன் அறுத்து விற்கும் கிழவிகள். நிறைந்த வயிற்றோடு அந்தத் தெருவில் நடப்பது கண்காட்சி பார்ப்பதுதான். நான் எதையும் வாங்கவில்லை. பசி இல்லாதவனுக்கு அந்தத் தெருவில் வேலை இல்லை.

சலுகை அதிகமாக அதிகமாக ஊர் குறைந்துகொண்டே போவதைக் கண்ணால் பார்த்தேன். நீச்சல் குளம் அறைக்கட்டணத்தில் உண்டு, போகவில்லை என்றால் நஷ்டம். லவுஞ்ச் உண்டு, போகவில்லை என்றால் நஷ்டம். ஸ்வீட் கிடைத்திருக்கிறது, உட்காரவில்லை என்றால் பெரிய நஷ்டம். அரண்மனைக்குப் போகலாமா என்று கேட்டால் மச்சான் கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இத உட்டுட்டா?" என்றார்.

ஒரு நாள் வலுக்கட்டாயமாக அவரைக் கிளப்பி, ஓரியண்டலுக்கு அழைத்துப் போனேன். 1876-லிருந்து ஆற்றங்கரையில் நிற்கிற ஹோட்டல். இன்று மாண்டரின் ஓரியண்டல். தேநீர் விலை என்னவோ அதற்குத் தகுந்த மாதிரிதான். எழுத்தாளர்களின் பெயரால் வழங்கும் பழைய வெள்ளைக் கட்டடம், பிரம்பு நாற்காலிகள், மூங்கில் கன்றுகள், மேலே கண்ணாடிக் கூரை. 1923-ல் சாமர்செட் மாம் மலேரியாக் காய்ச்சலோடு இங்கே வந்து படுத்தார். காய்ச்சல் முற்றியது. இந்த ஆள் இங்கேயே செத்துவைத்தால் ஹோட்டலுக்கு ஆகாது என்று மேலாளர் அம்மையார் மருத்துவரிடம் முறையிட்டது அவர் காதில் விழுந்தது. பிழைத்தெழுந்து அதைத் தன் பயண நூலில் எழுதிவைத்தார். இன்று அந்த ஹோட்டலில் அவர் பெயரில் ஒரு ஸ்வீட் இருக்கிறது. ஹோட்டல் சரித்திரத்தில் இதைவிடப் பெரிய அப்கிரேடு எனக்குத் தெரிந்து இல்லை.

மச்சானுக்கு இந்தக் கதை பிடித்திருந்தது. தேநீர் கொண்டுவந்தவரிடம், இங்கே புள்ளி சேருமா என்று கேட்டார். இங்கே அந்த மாதிரித் திட்டம் கிடையாது என்றார் அவர், மரியாதையாக. உறுப்பினர்களுக்குச் சில சலுகைகள் உண்டு. இரவை எண்ணிப் புள்ளி போடுவதும் படி ஏற்றுவதும் இல்லை. கர்ட் வாக்ட்ஃபைட்டில் என்ற ஜெர்மானியர் 1967 முதல் 2009 வரை நாற்பது வருஷத்துக்கு மேல் அங்கே பொது மேலாளராக இருந்தார். வருகிறவர் யார், போன தடவை என்ன கேட்டார் என்பதைப் பணியாட்கள் நினைவில் வைத்திருப்பதற்குத்தான் அந்த ஹோட்டல் பேர் வாங்கியது.

"அப்ப நம்ம டவுன் ஹால் ரோடு லாட்ஜ் மாதிரின்னு சொல்லுங்க" என்றார் மச்சான்.

சிரித்தேன், ஆனால் அவர் சொன்னது சரி. மச்சான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மதுரை டவுன் ஹால் ரோட்டில் ஒரு லாட்ஜில்தான் தங்குவார். மேனேஜர் ஏட்டைக்கூடத் திறக்கமாட்டாராம். மருந்துக் கம்பெனிக்காரருக்கு மாடியில் காற்று வருகிற அறை, பம்ப்செட்காரருக்குக் குழாயில் நல்ல தண்ணீர் வருகிற அறை, பட்டாசு ஆர்டர் எடுக்க வருபவருக்குத் தெருவைப் பார்த்த அறை. காலியாக இல்லை என்றால், இருப்பவரைக் கிளப்பி விட்டாவது தருவார். அதற்கு அட்டை இல்லை, புள்ளி இல்லை.

இப்படிச் சொல்லும்போது பழைய காலம் பொன்னாகத் தெரியும். எனக்கு அந்த ஏக்கம் முழுசாக இல்லை. அதே மேனேஜர், தனியாக வந்து நிற்கிற பெண்ணுக்கு அறை தரமாட்டார். கேட்டால் போலீஸ் தொல்லை என்பார். பேரைக் கேட்டு, ஊரைக் கேட்டு, அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டு, அதற்கப்புறம்தான் அறை காலியா இல்லையா என்பதே முடிவாகும். நினைவு வைத்திருப்பவன் எல்லாவற்றையும் நினைவு வைத்திருப்பான். மச்சானின் கம்பெனியில் இப்போது ஒரு பெண் விற்பனை அதிகாரி இருக்கிறார். அவரும் இதே திட்டத்தில் மேல்படி. ராத்திரி பதினொரு மணிக்கு எந்த ஊரில் போய் இறங்கினாலும் யாரும் அவரை மேலும் கீழும் பார்ப்பதில்லை, பெயரைச் சொல்லி நன்றி சொல்கிறார்கள் என்று மச்சான் சொல்லியிருக்கிறார். எண்ணிக்கைக்கு ஜாதி தெரியாது, ஆண் பெண் தெரியாது. இது சின்ன விஷயமில்லை.

கணினியின் நினைவுக்கு வேறு ஆபத்து. 2018 நவம்பரில் ஸ்டார்வுட்டின் முன்பதிவுத் தகவல் களஞ்சியம் களவு போயிருப்பதாக மாரியட் அறிவித்தது. அதிகபட்சம் 38 கோடி விருந்தினர் பதிவுகள் என்று பிறகு கணக்குச் சொன்னார்கள். பூட்டாமல் வைத்திருந்த பாஸ்போர்ட் எண்கள் மட்டும் ஐம்பது லட்சத்துக்கு மேல். லாட்ஜ் மேனேஜர் தலைக்குள் இருந்ததைத் திருட வழியில்லை.

ஓரியண்டலிலிருந்து நடந்தே சிலோம் சாலைக்குப் போய், பான் தெரு முனையில் இருக்கும் மாரியம்மன் கோயிலில் ஏறினோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கே பிழைக்க வந்த தமிழர்கள் எழுப்பியது. கோபுரம் நம் கோபுரம், வாசலில் விற்பது சாமந்தி மாலை, தேங்காய், வாழைப்பழம். வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் தாய்லாந்துக்காரர்கள். அலுவலக உடையில் ஒரு பெண் கண்ணை மூடி நின்று நெடுநேரம் எதையோ கேட்டுக்கொண்டிருந்தாள். தட்டோடு வந்த குருக்கள் மச்சானைப் பார்த்ததும் தமிழில், எந்த ஊர் என்று கேட்டார். கோயம்புத்தூர் என்றதும் முன்னால் வரச் சொன்னார். வரிசை விலகி வழிவிட்டது. மச்சான் கூச்சத்தோடு முன்னால் போய் நின்றார். வெளியே வந்ததும், "இங்க படிநிலை கேக்காமலே முன்னாடி விட்டாங்க பார்த்தீங்களா" என்றார். பின்னால் நின்ற தாய்லாந்துப் பெண்ணுக்கு அது எப்படிப் பட்டிருக்கும் என்று நான் கேட்கவில்லை.

அன்று மாலை லவுஞ்சுக்குப் போகவில்லை. சிலோமிலிருந்து ஆற்றை நோக்கி வருகிற வழியில், தெருவோர மேசையில் மச்சான் காய்கறி நூடுல்ஸ் சாப்பிட்டார். மீன் சாஸ் வேண்டாம் என்று சைகையால் விளக்க நேரமாயிற்று. கடைக்காரம்மாவும் அவள் மகளும் சிரித்து ஓய்ந்த பிறகுதான் தட்டு வந்தது. இலவசமாகக் கிடைப்பதை விட்டுவிட்டுக் காசு கொடுத்துச் சாப்பிடுவது அவருக்கு முதலில் உறுத்தியது. இரண்டாவது தட்டு சொன்னபோது உறுத்தல் போயிருந்தது.

என்னைக் கேட்டால் இந்தத் திட்டங்கள் தருவதில் உருப்படியானது ஸ்வீட் அல்ல, மாலை நாலு மணிக்கு அறையைக் காலி செய்கிற சலுகைதான். சென்னைக்கு விமானம் ராத்திரி. பன்னிரண்டு மணிக்கே பெட்டியோடு வெளியேறிய பயணிகள் வரவேற்புக் கூடத்தில் வியர்வையோடு உட்கார்ந்திருக்க, நாங்கள் மதியம் வெயிலில் சுற்றிவிட்டு வந்து குளித்து, ஒரு குட்டித் தூக்கம் போட்டுக் கிளம்பினோம். காலியாக இருந்தால் என்ற பேச்சுக்கே அதில் பெரும்பாலும் இடமில்லை.

விமான நிலையத்தில் காத்திருக்கும்போது மச்சான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். கம்பெனியில் இப்போது பாதிக் கூட்டங்களைக் கைபேசித் திரையிலேயே முடித்துவிடுகிறார்கள், பயணம் குறைந்துவிட்டது. டிசம்பர் முடிய இன்னும் சில இரவுகள் குறைகின்றன. குறைந்தால் ஒரு படி இறக்கிவிடுவார்கள். படியைக் காப்பாற்றவே மலிவான ஹோட்டலாகப் பார்த்துப் போய்ப் படுத்து எழுந்து வருகிறவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் அதை மேட்ரஸ் ரன் என்கிறார்கள். மச்சானுக்கு ஊர் தாண்டக்கூட நேரமில்லை. கோயம்புத்தூரிலேயே, வீட்டிலிருந்து ஆட்டோவில் போகிற தூரத்தில், அந்தக் குழுமத்தின் ஹோட்டல் ஒன்று இருக்கிறது. வருஷக் கடைசியில் அங்கே அறை எடுத்துத் தங்கிவிடுவதாக அக்காவிடம் தொலைபேசியில் சொன்னார்.

"ஏனுங்க, நம்மூட்ல கட்டல் இல்லீங்களா?" என்று அக்கா கேட்டது எனக்கே கேட்டது.

மச்சான் விளக்கினார். படி, இரவு, டிசம்பர், அடுத்த வருஷம். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"காலைல டிபன் ரெண்டு பேத்துக்குத் தருவாங்கன்னு சொன்னீங்கல்ல?"

"ஆமாங்."

"அப்ப நானும் வர்றேன். பையனுக்கு மாவு அரைச்சு வெச்சுட்டு வந்தர்றேன், அவனே ஊத்திக்கட்டும்."